பக்கம் 212

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
போர்ட்டா கேபினில் ஏசி உறுமுகிறது.
நாளை பத்து மணிக்கு
கம்பெனிக்காரர் கையெழுத்துப் போடவேண்டிய
ஒப்படைப்புக் கோப்பு:
ஆயிரத்து நூற்றெட்டுப் பக்கம்.
இதில் நான் எழுதியது
முகப்பு, பொருளடக்கம், ஒன்பது தலைப்புத் தாள்.
மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை.
கொரிய ஆலையின் இரும்புச் சான்று,
புனேயிலிருந்து வால்வு வரைபடம்,
டீக்கறையோடு ஸ்கேன் ஆன எக்ஸ்ரே அறிக்கை.
எல்லாம் பிடிஎப்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் கட்டளை.
எந்தக் கோப்பு, எதிலிருந்து எதுவரை,
எவ்வளவு சுருங்கவேண்டும், எப்படித் திரும்பவேண்டும்.
தொண்ணூறு விழுக்காட்டுக்குச் சுருக்கினால்
மேலே எங்கள் எண்ணுக்கு இடம் கிடைக்கும்,
அடியில் அவர்கள் எண்ணும் பிழைக்கும்.
பிறந்த இடத்தில் 3, இங்கே 647.
எனக்கும் அப்படித்தான் இரண்டு,
பாஸ்போர்ட்டில் ஒன்று
பத்தாக்காவில் ஒன்று.

முதல் ஓட்டத்தில்
வெல்டர் சான்றிதழ்கள் அறுபதும் படுத்துக்கொண்டன.
அறுபது முகமும் ஒருபக்கம் சாய்ந்து
நைட் ஷிப்ட் முடிந்த கேம்ப் மாதிரி.
தாள் மிச்சமாகுமே என்று
தாளுக்கு இரண்டாக வைத்துப் பார்த்தேன்:
மேலே ஒருவன் கீழே ஒருவன்,
அசல் கட்டிலேதான்.
வேண்டாம், எழுந்திருங்கள் என்று
தொண்ணூறு தட்டினேன்.
தலைகீழானார்கள்.
இருநூற்று எழுபது.
எழுந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டில்
டபிள்யூ-47,
சவரிராயன் பர்னாந்து, வேம்பார்.
கண் இமைத்த நொடியில் எடுத்த படம்.
ஒரே ஒருமுறை இந்தக் கேபினுக்கு வந்தான்,
பூட்ஸைக் கழற்றிவிட்டு.
'போட்டோவ மட்டும் மாத்த முடியுமா சார்,
செத்தவன் மாதிரி இருக்கு.'
முடியாது என்றேன்.
போன மாதம் வேலை முடிந்து போய்விட்டான்.

கியூசி நெய்னா சொல்கிறார்,
'நாப்பத்தேழத் தூக்கிடுங்க.
சர்டிபிகேட் பதினேழோட காலாவதி,
அவன் கடைசி ஜாயிண்ட் பத்தொம்பது.'
'ஜாயிண்ட் எப்படி?'
'ஜாயிண்டுக்கென்ன, எக்ஸ்ரே பாஸ்.
தாள்தான் பிரச்சினை.'

தூக்குவது எளிது.
46 வரை, காற்புள்ளி, 48 முதல்.
அந்தக் காற்புள்ளியின் வாலுக்குள்
ஓர் ஆள் போய்விடுவான்.
பின்னாலிருக்கும் எல்லோரும்
க்யூவில் ஓரடி நகர்ந்துகொள்வார்கள்.
நகரவேண்டாம் என்றால்
காலி அடைப்புக்குறி ஒன்று போதும்,
அந்த இடத்தில் வெள்ளைத்தாள் விழும்.
அதன் நடுவில் போட வாக்கியமும் தயாராக உண்டு:
இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது.
யார் வேண்டினார்கள் என்று
எந்தத் தாளும் இதுவரை சொன்னதில்லை.

'தேதிய மட்டும்...' என்கிறார் நெய்னா,
பாதிக் குரலில், கதவைப் பார்த்துக்கொண்டு.

செருகிய பக்கத்துக்குள் என் கை போகாது, பாய்.
திருப்பலாம், சுருக்கலாம், விட்டுவிடலாம்.
ஒரு புள்ளியைத் தொடமுடியாது.
(அதற்கு வேறு மென்பொருள் இருக்கிறது.
அதை நான் சொல்லவில்லை.)

அவர் தூங்கப் போனபின்
47-ஐ இருந்த இடத்திலேயே விட்டேன்.
அவனுக்குப் பின்னால்
பத்தொன்பதாம் தேதி எக்ஸ்ரே அறிக்கையைச் செருகினேன்,
டீக்கறையோடு.
213 முதல் எல்லாம் ஒன்று தள்ளிற்று.
பொருளடக்கம் பழைய எண்ணையே சொல்லி அடம்பிடித்தது,
இன்னொரு ஓட்டம், இன்னொன்று,
மூன்றாவதில் ஒத்துக்கொண்டது.

மணி நாலேகால்.
புகைபோக்கியின் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது.
பத்து மணிக்கு என்ன ஆகுமோ.
ஆயிரத்து நூற்றொன்பது பக்கம்.
212-இல் அவன் நேராக நிற்கிறான்
கண்ணை மூடிக்கொண்டு.